நுரை போட்டா கணக்கு சரியாயிடுமா?

பி.காம் படிக்கிறவனுக்கு எண்ணெய்க் கிணற்றில் என்ன வேலை என்று கேட்கலாம். இதில் பாதிக்கு மேல் வரவு செலவுக் கணக்குதான் மக்கா, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் விஷயம். இறுகிய பாறைக்குள் கிடக்கும் எண்ணெயும் வாயுவும் சும்மா துளை போட்டால் வராது. 2, 3 கிலோமீட்டர் ஆழம் போய், பக்கவாட்டில் திருப்பி, படுக்கையாக ஒரு கிலோமீட்டருக்கும் மேல் துளைப்பார்கள். பிறகு மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பயங்கர அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைப்பார்கள். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக் கொடுக்கும். இதுதான் நீரியல் விரிசல். அமெரிக்காவில் ஒரு கிணற்றுக்கு சுமார் 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் போகிறது என்று அந்த நாட்டுப் புவியியல் ஆய்வுத்துறை சொல்கிறது.

இதற்கு ஒரு மாற்றுதான் நைட்ரஜன் நுரை. ஷாம்பூ போல நுரைக்கிற பொருளைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, கூடவே நைட்ரஜனை ஏற்றுவார்கள். நுரையில் பெரும்பகுதி வாயுதான். நுரை கெட்டியாக இருப்பதால் மணலை நன்றாகச் சுமக்கும். தண்ணீர் பட்டால் உப்புகிற களிமண் பாறைக்கும் நல்லது. அழுத்தத்தை விட்டதும் வாயு விரிந்து, உள்ளே போன திரவத்தை வெளியே தள்ளிவிடும். நல்ல தொழில்நுட்பம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் "தண்ணீரே அதிகம் வேண்டாம், அப்புறம் ஏன் எதிர்க்கிறீர்கள்?" என்று நாளைக்கு யாராவது டெல்டாவில் வந்து கேட்டால் என்ன சொல்வோம்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. ஓ.என்.ஜி.சி. ஷேல் வாயு தேடப் பார்த்த படுகைகளில் காவிரியும் ஒன்று. மன்னார்குடி மீத்தேன் திட்டம், 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம் எல்லாம் நமக்குத் தெரியும். 2018-ல் மத்திய அரசு, ஏற்கெனவே குத்தகை எடுத்த இடங்களிலேயே ஷேல் போன்றவற்றையும் தேடலாம் என்று கொள்கை முடிவு எடுத்தது. 2020-ல் தமிழக அரசு வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து டெல்டாவில் புதிய கிணறுகளைத் தடுத்தது. பழைய கிணறுகளை அது தொடவில்லை. டெல்டாவுக்கு வெளியே அந்தச் சட்டம் செல்லாது. 2025-ல் ராமநாதபுரத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். நம்ம கன்னியாகுமரிக் கடலிலும் எண்ணெய், வாயு தேடத் தொகுதிகள் ஒதுக்கியாச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். நுரையால் மிச்சமாகும் தண்ணீர்ச் செலவு கம்பெனியின் லாபத்தில் சேரும். ஆனால் பாறையிலிருந்து மேலே வரும் உப்பு நீர், சிமென்ட் பூச்சு விட்டுப்போனால் நிலத்தடி நீருக்குள் கசியும் வாயு, இதெல்லாம் யார் ஏட்டில் எழுதப்படும்? விவசாயி ஏட்டில்தான். அதுவும் எழுதாத ஏடு. நைட்ரஜனும் சும்மா வரவில்லை. காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிரித்து, லாரியில் கொண்டுவர வேண்டும். தொடக்கத்தில் கிணற்றிலிருந்து வரும் வாயுவில் நைட்ரஜன் கலந்திருப்பதால், அதைக் குழாயில் அனுப்ப முடியாமல் எரிப்பதும் உண்டு. அந்தப் புகைக்கும் பில் கிடையாது.

"நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. ஆரல்வாய்மொழிக்காரன் காற்றாலையைக் காட்டி அதை மறுக்க முடியாது. காற்றாடி மின்சாரம் கொடுக்கும், லாரிக்கு டீசல் கொடுக்காது. ஆனால் டீசல் ஊருக்கெல்லாம், ஆபத்து நாலு கிராமத்துக்கு மட்டும் என்றால் அது வியாபாரம் இல்லை, அடாவடி.

என் கருத்து இதுதான். நுரையைக் காரணம் காட்டி 2020 சட்டத்தில் ஓட்டை போடக்கூடாது. டெல்டாவுக்கு வெளியே தோண்ட நினைப்பவர்கள் மூன்று காரியம் செய்யட்டும். உள்ளே போகும் ரசாயனப் பட்டியலை ஊராட்சியில் தமிழில் ஒட்டட்டும். தோண்டுவதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து முடிவைக் கொடுக்கட்டும். பாதிப்புக்கான பணத்தை முதலிலேயே வங்கியில் டெபாசிட் கட்டட்டும். ஆபத்தே இல்லை என்கிறவர்களுக்கு அந்த டெபாசிட் வட்டியோடு திரும்பி வரப்போகிறது, அவர்களுக்கு என்ன கஷ்டம்?

கட்ட மாட்டேன் என்றால், ஆபத்து எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியும் என்றுதான் அர்த்தம்.