தேடிக் கிடைக்காததும் இல்லாததும் ஒன்றா?

இந்த முறை கம்ப்யூட்டர் விஷயம். உடனே மூடிவிடாதீர்கள். ஆபீசில் தபால் பதிவேடு எழுதியவர்களுக்கும் ரிகார்டு ரூமில் தூசி தின்றவர்களுக்கும் இது நன்றாகவே புரியும்.

ரயில் டிக்கெட் எடுக்க ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். நம் கண்ணுக்கு அது ஒரே பக்கம். ஆனால் திரைக்குப் பின்னால் பிரௌசர் பத்துக்கணக்கில், சில சமயம் நூற்றுக்கணக்கில் கடிதம் போடுகிறது. படம் கொடு, எழுத்துரு கொடு, இன்றைய வண்டிகளின் பட்டியல் கொடு என்று. இதற்குப் பெயர்தான் நெட்வொர்க் ரிக்வெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் பதிலோடு ஒரு எண் வரும். 200 என்றால் சரி, 404 என்றால் கேட்டது அங்கே கிடைக்கவில்லை, 500 என்றால் எதிர்த்தரப்பில் கோளாறு. குரோமில் எஃப்12 பொத்தானை அழுத்தி 'நெட்வொர்க்' என்ற பகுதிக்குப் போனால் இந்த வரவு செலவு முழுவதும் வரிசையாக இருக்கும். நம் இன்வர்டு, அவுட்வர்டு ரெஜிஸ்டர் மாதிரியேதான்.

'பணம் செலுத்து' பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் புரோகிராமர் முதலில் புரட்டுவது இதைத்தான். இப்போது புரோகிராம் எழுதும் ஏஐ ஏஜென்டுகளும் இதைப் புரட்டுகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டது. ஏஐ வெளிக்கருவிகளை எடுத்துப் பயன்படுத்த அது வழி செய்தது. 2025 செப்டம்பரில் குரோம் குழுவினர் அதன்படி ஒரு கருவித் தொகுப்பைக் கொடுத்தார்கள். ரிக்வெஸ்டுகளைப் பட்டியல் போட ஒரு கருவி, அதில் ஒன்றை விரித்துப் பார்க்க இன்னொன்று. முழு ரெஜிஸ்டரையும் ஏஜென்டிடம் கொட்ட முடியாது. ஒரே நேரத்தில் அது மனதில் வைத்துக்கொள்ளக்கூடியதற்கு அளவு உண்டு, படிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் காசும் உண்டு. அதனால் தேடி எடுக்கும் வசதி வேண்டியிருக்கிறது.

சரி, கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்டுக்கு யார் சொல்வது? புது கிளார்க் என்றால் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்பான். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்பதில்லை. கருவியின் பெயர், ஒரு சிறு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்கலாம் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கையில். அந்த நாலு வரியை எழுதுவதை உதவியாள் வேலையாக நினைக்கிறார்கள். என் பார்வையில் கருவியைச் செய்ததற்குச் சமமான வேலை அது.

'நெட்வொர்க் ரிக்வெஸ்டுகளைத் தேடும்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் என்ன ஆகும்? குரோமின் கருவி விளக்கத்தில், தேர்ந்தெடுத்த பக்கத்தில் கடைசியாகப் பக்கம் மாறியதற்குப் பிறகு வந்தவை மட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சில சொற்களுக்குத் தங்கத்தில் விலை போடலாம். அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியதும் பக்கம் மாறிவிட்டது. ஏஜென்ட் தேடுகிறது, ஒன்றும் கிடைக்கவில்லை. கோரிக்கை போகவே இல்லை என்று முடிவு கட்டி, ஒழுங்காக இருந்த பொத்தானைத் திருத்தப் போய்விடும். பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக ஒன்று சேரும்.

நம் ஆபீஸ்களில் 'கோப்பு இல்லை' என்று எழுதுவது வேறு, 'இன்ன வருடப் பதிவேடுகளில் தேடியதில் கிடைக்கவில்லை' என்று எழுதுவது வேறு. குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்து நிற்கும் பெண்ணின் கணவருடைய பணிப்பதிவேடு விஷயத்தில் முதல் வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர் வாழ்க்கை அங்கேயே நின்றுவிடும். இரண்டாவதை எழுதினால் அடுத்த அறையில் தேட ஒரு வழி இருக்கும். விவரம் தெரிந்த தலைமை எழுத்தர்கள் முதல் வாக்கியத்துக்குக் கையெழுத்தே போட மாட்டார்கள்.

அதனால் தேடும் கருவியின் விளக்கம், எங்கே தேடாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். முகவரியில் மட்டுமா, கடிதத்தின் உள்ளேயுமா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்குமா? 300 கிடைத்து 20 மட்டும் காட்டினால், மீதி 280 இருக்கிறது என்று சொல்லுமா? வெறும் கையோடு திரும்பும்போது கொடுக்கும் பதிலும் விளக்கத்தில் சேர்ந்ததுதான். 'கடைசிப் பக்க மாற்றத்துக்குப் பின் வந்த 143 ரிக்வெஸ்டுகளின் முகவரிகளில் தேடினேன், பொருந்துவது இல்லை' என்று வந்தால் ஏஜென்ட் வேறு இடத்தில் தேடும். சும்மா பூஜ்யம் என்று வந்தால் தேடாது.

சாஃப்ட்வேரில் இருக்கும் என் மகனுக்கு இதில் ஒரு மறுப்பு உண்டு. "அப்பா, விளக்கத்தையும் ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட் படிக்கணும். நீளமாக எழுதினால் அதுவே இடத்தை அடைக்கும்" என்கிறான். நியாயம்தான். குறைக்க வேண்டுமென்றால் 'சக்திவாய்ந்த', 'அதிவேக' என்று போடுகிறார்களே, அவற்றைக் குறைக்கட்டும். வரம்புகளில் கை வைக்கக் கூடாது.

இன்னொரு வரியும் வேண்டும். அது ஏஜென்டுக்காக அல்ல, அதை வேலைக்கு வைத்திருப்பவருக்காக. இந்த ரெஜிஸ்டரில் சாவிகளும் கிடக்கும். நாம் லாகின் செய்ததற்கு அடையாளமான குக்கீ, டோக்கன் எல்லாம் இந்தக் கடிதங்களோடுதான் போய் வருகின்றன. 2023 அக்டோபரில் ஆக்டா நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். மற்ற நிறுவனங்களின் லாகினைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அது. அதன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குள் திருடர்கள் நுழைந்துவிட்டார்கள். கோளாறைக் காட்டுவதற்காக வாடிக்கையாளர்கள் அனுப்பியிருந்த ஹார் கோப்புகள் அங்கே இருந்தன. இதே நெட்வொர்க் ரெஜிஸ்டரின் நகல்தான் ஹார் கோப்பு என்பது. அவற்றில் இருந்த டோக்கனை எடுத்து 5 வாடிக்கையாளர்களின் கணக்குக்குள் புகுந்ததாக ஆக்டாவே பிறகு சொன்னது. 2024-இல் குரோம், நகல் எடுக்கும்போது இந்தச் சாவிகளை நீக்கிவிட்டுக் கொடுப்பதையே வழக்கமாக்கியது.

ஏஜென்டின் மூளை பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தேடி எடுத்ததெல்லாம் அங்கே போகும். குக்கீயை மறைத்துக் கொடுக்கிறதா, அப்படியே கொடுக்கிறதா என்று விளக்கத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத கருவியை, என் பென்ஷன் கணக்கு திறந்திருக்கும் பிரௌசரில் ஓட விட நான் சம்மதிக்க மாட்டேன்.