குருகுலம் என்று சொல்லாதீர்கள்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். நூல் அறிமுகம் முடிந்து தேநீர் வேளையில் பேச்சு இளைஞர்களைப் பற்றித் திரும்பியது. சென்னையில் தொழில் செய்யும் மூத்த வழக்கறிஞர் ஒருவர், நல்ல வாசகரும் கூட, இப்படிச் சொன்னார்: "கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சட்டம் தெரிகிறது. ஆபீஸ் பண்பாடுதான் பிடிபடவில்லை. சேர்ந்த முதல் வாரமே சம்பளம் எவ்வளவு என்கிறார்கள். இது குருகுலம் என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை." சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நாமும் மறுத்துப் பேசாமல் தேநீரைக் குடித்து முடித்தோம். அந்த மௌனத்திற்கு வெட்கப்பட்டே இதை எழுதுகிறோம்.

நமக்குத் தொழில் தமிழ் கற்பிப்பது. கறுப்பு அங்கியின் உட்புறத்தை நாம் அறியோம். ஆனால் குருகுலம் என்னும் சொல்லை அறிவோம். அதை இரவல் வாங்கிச் சென்றவர்கள் இப்படிப் பயன்படுத்தும்போது, அச்சொல்லின் பொருட்டேனும் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நமது ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையம். நம்மிடம் தமிழ் படித்துப் பின் சட்டம் பயின்ற இவ்வூர் மாணவன் ஒருவன் சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்தான். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து அல்ல. இத்தொழிலில் அப்படியொரு வழக்கமே பெரும்பாலும் கிடையாது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் சொல்லித்தான் சேர முடியும். நேர்காணல் என்று ஒன்று நடந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து ஒரு கேள்வியும் இல்லை. "அப்பா என்ன செய்கிறார்? வீட்டில் யாராவது வக்கீல் உண்டா?" என்ற இரண்டே கேள்விகள். அப்பா மக்காச்சோளம் போடுகிறார் என்று சொன்னான். சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்கள்.

ஆறு மாதம் இருந்தான். கேஸ் கட்டு சுமந்தான், வாய்தா வாங்கினான், நகல் எடுக்கும் செலவைத் தன் கையிலிருந்து கொடுத்தான். பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும்போது சீனியர் பேருந்துக் கட்டணம் கொடுத்தார், அவ்வளவுதான். சீனியர் எழுந்து போகும் முன் ஜூனியர் கிளம்புவது திமிர் என்பதையும், குமாஸ்தாவிடம் பேசும் தொனிதான் தன் எதிர்காலம் என்பதையும் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தவறிய பிறகே தெரிந்தது. "ஐயா, தேர்வுக்குப் பாடத்திட்டம் உண்டு. இதற்குப் பாடத்திட்டமே இல்லை. ஆனால் தினமும் தேர்வு நடக்கிறது" என்று நம்மிடம் சொன்னான். வக்கீல் வீட்டுப் பிள்ளை இப்பாடத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே படித்துவிடுகிறான். நம் பையன் படிக்காததற்குப் பெயர்தான் 'பண்பாடு தெரியாதவன்'.

இனி, குருகுலத்திற்கு வருவோம். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே. சாமிநாதையர் பாடம் கேட்கச் சேர்ந்தபோது பேசப்பட்டவற்றை 'என் சரித்திரம்' படித்தவர்கள் நினைவுகூரலாம். சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதும் அங்கே பேசப்பட்டது. அவ்வூரில் தம்மால் இயலாததை ஆசிரியர் மறைக்கவில்லை. செலவைத் தந்தை ஏற்றார். பின்னர் திருவாவடுதுறை ஆதீனம் மாணவர்களுக்குச் சோறிட்டது. சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவரும் குலாம் காதிறு நாவலர் என்ற இசுலாமியரும் அந்த ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்களே. அங்கும் குறைகள் இருந்தன. பந்தியில் சாதி இருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் மாணவன் எங்கே சாப்பிடுவான் என்பது கேட்கக்கூடாத கேள்வியாக அங்கே இருந்ததில்லை. மாணவனின் உழைப்புக்குக் கட்டணம் வசூலித்துத் தாம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே இல்லை. ஆகவே அன்பர்களே, உங்கள் அலுவலகத்தைப் பயிற்சிக்கூடம் என்று சொல்லுங்கள், கடை என்று சொல்லுங்கள். குருகுலம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்பார்கள். மாமியாரான மருமகள் சொல்லும் அதே வாதம். நம் மாவட்டத்துக் கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. ஜாகிர்தார் நிலத்தில் கூலியின்றி உழைப்பதை அங்கே கொடுமை என்று சொல்லவில்லை, வழக்கம் என்றார்கள். இரண்டையும் ஒன்றென நாம் சொல்லவில்லை. மலைவாசிக்கு மலையைவிட்டு இறங்க வழியில்லை, ஜூனியருக்கு வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் 'வழக்கம்' என்ற சொல் இரு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. தமிழில் வழக்கு என்பது மரபையும் குறிக்கும், நியாயம் கேட்டுத் தொடுப்பதையும் குறிக்கும். முதல் பொருளில் வாழ்கிறவர்களுக்கு இரண்டாம் பொருள் மறந்துவிடுகிறது. அதுவும் இரண்டாம் பொருளாலேயே பிழைப்பவர்களுக்கு!

தொழிலின் விதிகளைப் பாருங்கள். இந்திய பார் கவுன்சிலின் விதி 49, வழக்கறிஞர் வேறிடத்தில் முழுநேரச் சம்பள வேலை பார்க்கலாகாது என்கிறது. விதி 36, விளம்பரம் செய்து வழக்குத் தேடலாகாது என்கிறது. இரண்டும் தொழிலின் மாண்பு கருதி எழுதப்பட்டவை. குறை சொல்ல மாட்டோம். ஆனால் இவை யார்மேல் எவ்வளவு கனக்கின்றன? தந்தையின் பெயர்ப்பலகையே சிலருக்கு விளம்பரம், அதற்குத் தடையில்லை. தந்தையின் வருமானமே சிலருக்குச் சம்பளம், அதற்கும் தடையில்லை. நைனார்பாளையத்துப் பையனுக்கு மட்டும் இரண்டு கதவும் மூடியிருக்கின்றன. மூன்றாவது கதவான சீனியர் அலுவலகத்திலோ பணம் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை!

நீதிமன்றங்கள் இதைக் காணாமல் இல்லை. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் ஏனைய இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்றது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் அதே தொகைகளைச் சுற்றறிக்கையில் சொன்னது, பரிந்துரையாக மட்டும். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் சொல்லும் 750 ரூபாயை, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாயை, மீறக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதுவரை பல மாநிலங்களில் அது பல ஆயிரமாக இருந்தது. ஆக, நுழைவுச்சீட்டின் விலை குறைந்தது. உள்ளே உட்கார நாற்காலி?

2025 மே 20 அன்று வந்தது இன்னொரு தீர்ப்பு. உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அனுபவத்திற்கு முதன்மை நீதித்துறை அலுவலரோ, பத்தாண்டு தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவரோ சான்றளிக்க வேண்டும் என்றும், வழக்கறிஞர் சான்றளித்தால் நீதித்துறை அலுவலர் அதில் மேலொப்பமிட வேண்டும் என்றும் சொன்னது. நீதிமன்றம் காணாதவர் நீதிபதியாகலாமா என்ற கவலை நியாயமானதே. ஆனால் 2024 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த வி. ஸ்ரீபதி, பிரசவமான சில நாட்களில் தேர்வெழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். தமிழ்நாடே கொண்டாடியது. மூன்றாண்டு விதி அன்று இருந்திருந்தால் அந்த அறைக்குள் அவர் நுழைந்திருக்கவே முடியாது. கல்வராயன் மலையில் இருப்பவர்களும் அதே மலையாளிப் பழங்குடியினர்தாம். அங்கிருந்து ஒரு பெண் சட்டம் படித்து வந்தால், மூன்றாண்டு யார் சோறு போடுவார்கள்? இரவு ஒன்பது மணிக்கு அலுவலகம் முடிந்தால் எங்கே தங்குவாள்?

ஆண்டுக்கணக்கு நாளை மாறலாம், மூன்று இரண்டாகலாம். நமது வாதம் எண்ணிக்கையைப் பற்றியதன்று. இதுவரை சீனியரின் தயவு ஜூனியரின் சாப்பாட்டைத் தீர்மானித்தது; இப்படிப்பட்ட விதிகளில் அவர் கையெழுத்து நீதிபதி நாற்காலியையும் தீர்மானிக்கத் தொடங்குகிறது. எழுதப்படாத பண்பாட்டின் கையில் எழுதப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்தால் வெளியாள் எங்கே போவான்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வட்ட நீதிமன்றங்களில் தொழில் செய்யும் பல சீனியர்களுக்கே மாதம் நிலையான வருமானம் இல்லை. அவர்களிடம் 15,000 கேட்பது கடினம். அங்கே அரசும் பார் கவுன்சிலும் பங்கேற்க வேண்டும். 2020-இல் தமிழக அரசு இளம் வழக்கறிஞர்களுக்கு ஈராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியதே, அதை வாழத் தகுந்த தொகையாக வளர்க்கலாம். ஆனால் பணமில்லாதவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சொல்வது. ஆள் தேவை என்பதை நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் எல்லோரும் காண ஒட்டுவது. என்ன தருவோம், எத்தனை மணிவரை, நகல் செலவு யாருடையது, என்ன கற்றுத் தருவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுவது. ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதித் தருகிறவர்கள் தம் ஜூனியருக்கு ஒரு பக்கம் எழுத முடியாதா?

நம் மாணவன் சென்னையிலிருந்து திரும்பிவிட்டான். இப்போது கள்ளக்குறிச்சியில் ஒருவரிடம் இருக்கிறான். சேர்ந்த அன்று அவர் சொன்னாராம்: "தம்பி, மாதம் ஐயாயிரம்தான் என்னால் முடியும். ஏழு மணிக்குக் கிளம்பி உங்க ஊர் பஸ்ஸைப் பிடித்துவிடு. சனிக்கிழமை மனு எழுதச் சொல்லித் தருகிறேன்." ஐயாயிரம் போதாது, அவரும் அறிவார். ஆனால் அவன் அதைச் சொல்லும்போது குரலில் இருந்த நிம்மதியை நாம் கேட்டோம். கேட்காமலே சொல்லப்பட்டதன் நிம்மதி அது.

தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு முன்சீப். ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று நூலாக்கியவர். நீதிமன்றப் பண்பாடு தெரியவில்லையே என்று அவர் மக்களைக் குறைசொல்லிக்கொண்டிருக்கவில்லை. தெரியாததைத் தெரியும் மொழியில் எழுதிக் கையில் கொடுத்தார். புரிந்துகொள்ளும் பொறுப்பு வெளியே நிற்பவனுடையது மட்டுமன்று. உள்ளே இருப்பவர் முதலில் எழுதட்டும்.

அடுத்த கூட்டத்திற்கும் அந்த வழக்கறிஞர் வருவார். தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, இம்முறை நாம் பேசுவோம்.