லிட்டர் முழுசு, விலை முழுசு. ஓட்டம் மட்டும் குறைவா?

ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் மில் தொழிலாளி பெட்ரோல் பங்க்கில் நூறு ரூபாயை நீட்டுகிறார். டாங்கில் விழுவது முழுப் பெட்ரோல் அல்ல. அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அதாவது எரிசாராயம். இதற்காக விலை குறைந்ததா? ஒரு காசு கூடக் குறையவில்லை!

கலப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடும் விவசாயிக்குப் பணம் போகிறது என்கிறது மத்திய சர்க்கார். நல்லது, மிச்சமாகட்டும். ஆனால் அந்த மிச்சத்துக்காகப் பறிபோவது யாருடைய சட்டைப் பை என்பதுதான் கேள்வி.

விஷயம் எளிது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நூற்றுக்கு இருபது கலந்தால் லிட்டருக்கு ஆறு, ஏழு சதவிகிதம் சக்தி குறைந்துவிடும். இந்தக் கலவைக்கென்றே செய்த புது வண்டி நஷ்டத்தில் ஒரு பகுதியைச் சரிக்கட்டும். பழைய வண்டியின் கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலுக்கென்று அளந்து வைத்த துவாரம் அப்படியே இருக்கிறது. இழுவை குறைகிறது, ஆக்ஸிலேட்டரை இன்னும் திருக வேண்டியிருக்கிறது.

இது நம் கற்பனையா? இல்லை. சர்க்காரின் நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவிகிதமும், இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவிகிதமும் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய இலாகா, கலவைக்கு ஏற்றபடி செய்த கார்களில் 1 முதல் 2 சதவிகிதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவிகிதம் என்றது. "பாதி மைலேஜ் போயிற்று" என்ற வதந்தி நமக்கு வேண்டாம். அவர்களே ஒப்புக்கொண்ட கணக்கு போதும்.

அது அற்பமாம்! யாருக்கு அற்பம்? லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பழைய மோட்டார் சைக்கிளில் தினம் 50 கிலோமீட்டர் போய்வரும் தொழிலாளிக்கு, 26 நாள் வேலைக்கு 26 லிட்டர் வேண்டும். 4 சதவிகிதம் குறைந்தால் 27 லிட்டருக்கு மேல் ஆகும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,300 ரூபாய். பழைய பெட்ரோல் காரை வாடகைக்கு ஓட்டுபவர் மாதம் 100 லிட்டர் போடுகிறார் என்று வைப்போம். 6 சதவிகிதம் குறைந்தால் வருஷத்துக்கு 7,600 ரூபாய்க்கு மேல் போச்சு! இதற்கு மேல், பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்றும் அதே இலாகா சொல்கிறது. செலவு யாருடையது? நம்முடையதுதான்.

புது வண்டி வாங்கு என்பார்கள். வயலுக்குக் கரும்பு வெட்டப் போகிறவர் மூன்றாம் கையாக வாங்கிய வண்டியில் போகிறார். அவர் வெட்டிய கரும்பு எரிசாராயமாகித் திரும்பி வந்து அவர் கூலியையே வெட்டுகிறது!

இதில் பெரிய மோசடி எது தெரியுமா? சக்தி குறைவை ஈடுகட்டக் கலவைப் பெட்ரோலின் விலை குறைவாக இருக்க வேண்டும், வரிச்சலுகை தர வேண்டும் என்று 2021 அறிக்கையே சொன்னது. அந்தப் பக்கத்தை மந்திரிகள் மறந்துவிட்டார்கள். 2025இல் கேட்டபோது, எத்தனாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு, பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்று கையை விரித்தார்கள். சரி, அது மலிவாக இருந்த நாளில் நமக்கு விலையைக் குறைத்தார்களா? அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை! கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட வழக்கும் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தள்ளுபடியாயிற்று.

பாலில் தண்ணீர் கலந்து முழு விலை வாங்கினால் பால்காரனைப் பிடிக்கிறார்கள். இங்கே கலப்பதற்கும் சட்டம், முழு விலை வாங்குவதற்கும் சட்டம்!

குறைந்த சக்திக்குக் குறைந்த விலை வை! அந்தக் குறைப்பை வரியிலிருந்து கொடு! பழைய வண்டிகளுக்கு 10 சதவிகிதக் கலவையையும் பங்க்கில் வை! எவ்வளவு கலந்திருக்கிறது என்று பம்பிலே தமிழில் எழுது! நாம் கேட்பது தர்மம் அல்ல. கொடுத்த காசுக்குச் சரியான அளவு.