என் ஓட்டு ‘ரிவால்வ’ருக்கே
எனக்கு வயது 22. பீட்டில்ஸின் உச்சம் 1967இல் வந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பம் என்று மூத்த ரசிகர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1966 ஆகஸ்டில் வந்த ‘ரிவால்வர்’தான் எனக்கு மேலானது. அதிலுள்ள ‘எலினார் ரிக்பி’ பாட்டில் கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, எட்டே தந்தி வாத்தியங்கள், வில்லால் வெட்டுவதுபோல் ஒலிக்கின்றன. கடைசிப் பாட்டில் தம்புரா சுருதி நிற்காமல் ஓட, சுழலும் ஒலிநாடாக்களிலிருந்து எடுத்த ஒலிகள் பறவைக் கூட்டம்போல் கத்திக்கொண்டு கடக்கின்றன. எனக்குப் பிடித்த இன்னொரு ஆல்பமான, பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ அதே ஆண்டு மே மாதம் வந்தபோது அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு 23தான், ஏறக்குறைய என் வயது! அந்த ஆல்பம் முடிகையில் ரயில் போகிறது, நாய்கள் குரைக்கின்றன. அதன்பின் உடனே வேறு பாட்டுப் போட எனக்கு மனம் வருவதில்லை.