குரூப்பில் இல்லாதவர்கள்

பள்ளி நண்பர்கள் சந்திப்பு என்றதும் மண்டபம், பிரியாணி, ஒரே நிற டி-சர்ட் என்றுதான் பேச்சு போகிறது. ஆனால் உண்மையான சந்திப்பு அதற்கு நாலைந்து மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. யாரோ ஒருவர் பரணில் கிடந்த குரூப் போட்டோவை இறக்கி, தூசி தட்டி, செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். நடுவில் தலைமையாசிரியர், இருபுறமும் ஆசிரியர்கள், பின்னால் பெஞ்ச் மேல் ஏறி நிற்கிற பையன்கள். ஒருவன் படமெடுத்த நேரம் பார்த்து கண்ணை மூடியிருப்பான். அன்றிரவு முழுக்க ஒரே கேள்விதான்: “மூணாவது வரிசையில கடைசியா நிக்கிறது யாருப்பா?”

முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. வயதாகிவிட்டதே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக் குழுவினர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், 17 முதல் 74 வயது வரையிலான 392 பேரிடம் அவரவர் உயர்நிலைப் பள்ளித் தோழர்களைப் பற்றிக் கேட்டார்கள். பள்ளியை விட்டுப் பதினைந்து ஆண்டு ஆனவர்கள்கூடப் படத்தைப் பார்த்து நூற்றுக்குத் தொண்ணூறு முகங்களை அடையாளம் கண்டார்கள். எதையும் காட்டாமல் பெயர்களைச் சொல்லச் சொன்னபோதுதான் தடுமாறினார்கள்.

தமிழ்நாட்டில் பெயர் கிடைத்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியதாக ஆகும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதிலும் பெண்கள் பலருக்குக் கல்யாணத்தோடு அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்துவிடுகிறது. பள்ளியில் ‘எஸ். விஜயலட்சுமி’ என்றிருந்தவர் இன்று எந்த எழுத்தில், எந்த ஊரில் இருக்கிறார் என்று ஃபேஸ்புக்கில் தேடினால் ஆயிரம் விஜயலட்சுமிகள் வரிசையில் நிற்பார்கள். பலருடைய படத்தில் முகம்கூட இருக்காது. குழந்தை இருக்கும், அல்லது சாமி இருக்கும். ஆண்கள் நாற்பது பேர் சேர்ந்த குரூப்பில் பெண்கள் ஐந்தாறு பேரோடு நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தில் சினிமாவுக்கும் பங்குண்டு. 2018-இல் வந்த ‘96’ நல்ல படம்தான். ஆனால் ஸ்கூல் சந்திப்பு என்றாலே பழைய காதல்தான் என்று ஊர் முழுக்க ஒரு நினைப்பை விதைத்துவிட்டது. “என்ன, ராமைப் பார்க்கப் போறியா?” என்று அந்தப் பட நாயகன் பெயரைச் சொல்வது பல வீடுகளில் கேலி, சில வீடுகளில் கேலி மட்டும் அல்ல. குரூப்பில் பெண்களின் எண்ணைச் சேர்ப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபார்வர்டு ஜோக் அனுப்பாமல் இருப்பது இன்னும் நல்லது.

அடுத்த தகராறு, யார் நம் பேட்ச் என்பது. 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்ததிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. பத்தாவதோடு கிளம்பி ஐடிஐக்கோ பாலிடெக்னிக்குக்கோ போனவர்கள் ஒரு பக்கம். பிளஸ் ஒன்னில் வந்து சேர்ந்தவர்கள் இன்னொரு பக்கம். பட்டியல் போடுகிறவர் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக்கே பேட்ச் என்ற பெயர் போய்ச்சேருகிறது. இந்த இரண்டிலும் சேராதவர்கள் உண்டு: எட்டாவதில் நின்று பட்டறைக்குப் போனவன், ஒன்பதாவதில் ஃபெயிலாகி அப்பாவோடு வயலுக்குப் போனவன், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவள். அவர்கள் அந்த குரூப் போட்டோவிலேயே இல்லை. படத்தை வைத்துக்கொண்டு தேடினால் அவர்கள் எப்படிக் கிடைப்பார்கள்?

கிடைத்தாலும் வருவார்களா என்பதைப் பெரும்பாலும் சந்தா முடிவு செய்துவிடுகிறது. தலைக்கு இரண்டாயிரம் என்று அறிவித்து, பணம் கட்டியவர்களின் பட்டியலைத் தினமும் குரூப்பில் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கணக்கு சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர் அந்தப் பட்டியலில் தன் பெயர் இல்லாததை ஒரு வாரம் பார்ப்பார். பிறகு சத்தமில்லாமல் குரூப்பை விட்டு வெளியேறுவார். ‘லெஃப்ட்’ என்று ஒரு வரி வரும். அவனுக்கு என்ன கோபமோ என்று இரண்டு பேர் கேட்டுவிட்டு, கேட்டரிங் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். வசதியுள்ள நாலு பேர் முன்கூட்டியே பேசி முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வதும், யார் எவ்வளவு தந்தார்கள் என்பதைப் பொருளாளரோடு நிறுத்திக்கொள்வதும் முடியாத காரியமா என்ன?

அழைக்கத் தயங்குவதும் மனித இயல்புதான். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் லாரா ஏக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் இருவரும் தொடர்பு விட்டுப்போன நண்பருக்குச் செய்தி எழுதச் சொல்லி, அனுப்பவும் நேரம் கொடுத்தார்கள். எண் கையில் இருந்தது, பேச ஆசையும் இருந்தது. அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் ஊரில் தயக்கத்துக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. இருபத்தைந்து வருடம் கழித்து ஒருவர் திடீரென்று கூப்பிட்டால் சீட்டுப் பணமா, எல்ஐசி பாலிசியா, மகன் கல்யாணப் பத்திரிகையா என்றுதான் எதிர்முனை யோசிக்கும். “ஒண்ணும் வேண்டாம்டா, சும்மாதான் கூப்பிட்டேன்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

தேடுவதற்குப் பழைய வழிகளே இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. ஆட்டோகிராஃப் நோட்டில் தெருப் பெயர் இருக்கும், பக்கத்து வீட்டு ‘பி.பி.’ நம்பர் இருக்கும். அந்த எண் செத்துப்போயிருக்கும், தெரு அங்கேயேதான் இருக்கிறது. முனையில் இருக்கும் டீக்கடையில் அப்பா பெயரையும் அவர் பார்த்த வேலையையும் சொல்லிக் கேட்டால் அரை மணியில் விவரம் வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. எந்த வகுப்பில் சேர்ந்தார், எப்போது டிசி வாங்கினார், எல்லாம் அதில் உண்டு. சாதிப் பத்தியும் உண்டு. அது நமக்கு வேண்டாம், பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் போதும். அடுத்த சந்திப்புக்குத் தேதி குறிக்கும் முன் இரண்டு பேர் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பிளஸ் டூ தேறியவர்களின் பட்டியலைக் கேட்காதீர்கள். உங்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பட்டியலைக் கேளுங்கள்.