குதிரை பேணும் விளையாட்டு

கைப்பேசியில் ஆடும் விளையாட்டு வீண்பொழுது போக்கென்று நம் பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அவர் கூற்று முழுதும் பிழையன்று, முழுதும் மெய்யுமன்று. சுடுவதும் வீழ்த்துவதுமே பொருளாக அமைந்த விளையாட்டுகள் பல உள. அவற்றிடையே, ஓர் உயிரைப் பேணுதலையே ஆட்டமாகக் கொண்டதும் ஒன்றுண்டு. சிறுவர் குதிரை வளர்த்து ஏறிப் பயிலும் விளையாட்டே அது. அதன்கண் கொள்வன எவை, தள்ளுவன எவை என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

அரக்கோணத்தில் எம் இல்லத்தில் ஒன்பது வயதுத் தங்கை ஒருத்தி உளள். சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபோது, அவள் மாலைதோறும் தந்தையாரின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் அமர்வதைக் கண்டோம். கடிந்துகொள்ளவே அருகிற் சென்றோம். சென்றவர் அமர்ந்து பார்க்கலானோம். திரையில் ஒரு கபில நிறக் குதிரை இலாயத்தில் நின்றது. அவள் விரலால் தேய்க்கத் தேய்க்க அதன் மேனியிற் படிந்த புழுதி அகன்றது. பின்னர்க் குளம்பிற் சிக்கிய கல்லை எடுத்தாள், நீர்த்தொட்டியை நிரப்பினாள், புல் இட்டாள், சேணம் வைத்துக் கடிவாளம் பூட்டினாள். இவற்றுள் ஒன்று குறையினும் குதிரை அடியெடுத்து வைக்கவில்லை. ஏறுதற்கு முன் பேணுதல் வேண்டும் என்பதே அவ்விளையாட்டின் விதி. கடிய வந்த சொல்லை யாம் அடக்கிக்கொண்டோம்.

இத்தகைய விளையாட்டுகள் மேனாடுகளில் இருபது ஆண்டுகட்கு மேலாக வழங்கி வருகின்றன. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த நிண்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்கக் கருவியில், தொடுதிரைமேல் எழுதுகோல் போன்றதொரு கோலை அசைத்தல் குதிரையைத் தேய்த்தலாக ஆயிற்று. 2003ஆம் ஆண்டில் மூன்று பெரும் குதிரையேற்றப் போட்டிகளைத் தொடர்ந்து வென்ற ஆங்கிலப் பெண்மணி பிப்பா பன்னெல் என்பாரின் பெயராலும் விளையாட்டுகள் வந்தன. சுவீடன் நாட்டார் ஆக்கிய ஸ்டார் ஸ்டேபிளில் பல நாட்டுச் சிறுவர் ஒருங்கு கூடிக் குதிரை செலுத்துகின்றனர்.

நிற்க. குதிரை நமக்குப் புதிதன்று. அரக்கோணம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சார்ந்தது. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த செஞ்சித் தேசிங்குராசனின் இளந்தேவி உடன்கட்டை ஏறியதன் நினைவாக இராணிப்பேட்டை என்னும் பெயர் வந்ததென்பர். தேசிங்கு என்றவுடன் நம் மனத்தில் எழுவது யாது? எவர்க்கும் அடங்காத குதிரையை அவ்விளைஞன் அடக்கிய கதையன்றோ! அடக்கினவன் பெயரை நாட்டுப்பாடல் காத்துத் தந்தது. ஆயின் அக்குதிரைக்குக் கொள்ளு வைத்தவன் யார்? நீர் காட்டியவன் யார்? நம்முள் எவர்க்கும் தெரியாது.

சங்கப் புலவர் இதனை மறந்தாரல்லர். புறநானூற்றின் 299ஆம் பாட்டில் பொன்முடியார் இருவகைக் குதிரைகளைக் காட்டுகின்றார். சிற்றூர் மன்னனின் குதிரை தின்பது உழுந்தின் சக்கை. பெருவேந்தரின் குதிரை உண்பது நெய் பெய்த உணவு. களத்தில் முன்னது கடலைக் கிழிக்கும் தோணிபோல் படையைப் பிளந்து சென்றது. பின்னது ஒதுங்கி நின்றது. குதிரையின் மறத்தைப் பாட வந்தவர் அதன் தீனியினின்று தொடங்கியமை கருதத்தக்கது.

எனினும், பேணுதலை மறந்த காலமும் நமக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழி வருவித்தனர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரையைப் பேணும் முறை அறியாமையே காரணம் என்பது அவர் கூற்று. இன்னொன்றும் கூறினார்: குதிரை விற்கும் வணிகர் குதிரை மருத்துவரைத் தம்முடன் கொணர்வதில்லை, வேறெவரும் கொணரவும் விடுவதில்லை. குதிரைகள் பிழைத்திருப்பின் அடுத்த ஆண்டு விற்பனை குறையுமன்றோ? வேற்றுநாட்டார் கூற்றாகலின் மிகையும் இருக்கலாம். ஆயினும் விற்பவன் நலமும் உயிரின் நலமும் ஒன்றல்ல என்னும் உண்மை அதனுள் உண்டு.

இவ்வுண்மையே நாம் ஆராயும் விளையாட்டின் முதற் குறையையும் காட்டுகின்றது. குதிரையைத் தேய்த்தால் பொற்காசு. நீர் காட்டினால் பொற்காசு. காசு சேர்ந்தவுடன் இன்னும் அழகிய குதிரையொன்று கடையில் தோன்றும். சில விளையாட்டுகளில் அக்காசினை மெய்யான பணத்திற்கும் விற்கின்றனர். குழந்தை முதற்குதிரையை இலாயத்தில் விட்டுப் புதியதை நாடுகின்றது. பேணுதல் அன்பினின்றும் பிறவாமல் ஊதியத்தினின்றும் பிறக்குமாயின், ஊதியம் நின்றவிடத்துப் பேணுதலும் நிற்கும். பழைய குதிரை வணிகர் இன்று திரைக்குள்ளே கடை விரித்துள்ளனர் என்றே கூறலாம்.

இரண்டாவது குறை அதனினும் பெரிது. கைப்பேசியை அணைத்தால் திரைக்குதிரையின் பசியும் அணைகின்றது. மெய்க்குதிரையின் பசி நம் ஓய்வை நோக்கிக் காத்திராது. அதன் இரைப்பை உடலை நோக்கச் சிறிது. ஆகலின் சிறிது சிறிதாக நெடும்பொழுது தின்றுகொண்டே இருத்தல் வேண்டும். உண்டது ஒவ்வாவிடின் அதனால் வாந்தியெடுக்க இயலாது. வயிற்றுவலி அதன் உயிரையும் கொள்ளும். நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை நீர் வேண்டும். கோடையில் அதனினும் மிகும். 6 முதல் 8 வாரங்கட்கு ஒருமுறை குளம்பைச் சீவித் திருத்துதல் வேண்டும். நன்கு பேணின் 25 ஆண்டுகட்கு மேலும் வாழும். அத்துணை ஆண்டும் ஒரு நாளேனும் விடுமுறையில்லை.

அவ்விடுமுறையிலே நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். எம் தெருவிற்கு அருகே ஒரு திருமண ஊர்வலத்திற்கென வெண்குதிரை ஒன்றைக் கொணர்ந்து வெயிலிற் கட்டியிருந்தனர். வந்தவர் பலர் அதனருகில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். யாமும் அழகிற்று என்று கூறிக் கடந்தோம். தங்கை மட்டும் நின்றாள். "அண்ணா, இதற்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை, தொட்டியே இல்லை" என்றாள். யாம் நாணினோம். வாளியில் நீர் கொணர்ந்தபோது, குதிரைக்கார முதியவர் எங்கிருந்தோ விரைந்து வந்து, "பின்பக்கம் போகாதே, பாப்பா, தோள் பக்கமாக வா" என்று அவளை அழைத்து நிறுத்தினார். குதிரையையும் நிழலுக்கு மாற்றினார். முன்காலைத் தூக்கிக் குளம்பையும் காட்டினார். கல் ஒன்று உண்மையாகவே சிக்கியிருந்தது! திரையில் ஒரு தொடுகையில் வீழ்ந்த கல், ஈண்டு முதியவர் வியர்த்து முயன்ற பின்னரே வெளிவந்தது. குதிரை தன் பாரத்தை அவர்மேற் சாய்த்து நின்றது. தங்கை அன்றிரவு, "விளையாட்டுக் குதிரைக்குக் கனமே இல்லை, அண்ணா" என்றாள்.

கேட்க வைத்தது விளையாட்டு. கற்பித்தது குதிரையும் முதியவரும். இதுவே எம் முடிபு. விளையாட்டு வாயிலாகலாம், வீடாகாது. ஆதலின் அதனை முற்றும் விலக்குதலும் வேண்டா. அதனோடு நிறைவுறுதலும் ஆகாது.

நம் பகுதிக்கு இது சிறப்பாக உரியது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்கட்குச் சோறிடுகின்றது. அதனை யாம் பழிக்கவில்லை. ஆயினும் விலங்கைத் தோலாகவே கண்டு வளரும் குழந்தை, அத்தோலினுள் ஒருகால் பசியும் அச்சமும் இருந்தன என்பதை எங்கே அறியும்? ஓர் ஆட்டுக்குட்டியையோ கோழியையோ நாள்தோறும் பேணும் கடமையை வீட்டிலோ பள்ளியிலோ குழந்தைகட்குக் கொடுத்தல் வேண்டும். இயலாதார் விளையாட்டைக் காட்டியபின் ஒருமுறையேனும் மெய்விலங்கிடம் அழைத்துச் செல்க.

நம் கல்லூரி நண்பர்கட்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. கணிப்பொறி பயில்வாரும் தமிழ் பயில்வாரும் ஒருங்கு கூடினால், நம் மொழியில் இத்தகைய விளையாட்டொன்றை ஆக்குதல் அரிதன்று. அதில் பனி வேண்டா. நம் சித்திரை வெயில் இருக்கட்டும். ஓட்சு வேண்டா, ஊறவைத்த கொள்ளு இருக்கட்டும். சேணம், அங்கவடி, இலாடம், குரப்பம் என்னும் சொற்கள் அகராதியினின்று இறங்கிக் குழந்தையின் நாவில் ஏறட்டும். காசு கொடுத்துப் புதுக்குதிரை வாங்கும் கடை மட்டும் அதில் வேண்டா. முதலிற் பெற்ற குதிரை முதுமையடையும் வரை அதனையே பேணுவது ஆட்டமாகட்டும். அவ்வாறு ஆடிய குழந்தை, தெருவில் வெயிலில் நிற்கும் குதிரையைக் காணும்போது படம் எடுப்பதற்கு முன் வாளியைத் தேடும் என நம்புகின்றோம்.