பிராசசர் மாத்தலாமா? ஒரு பி.காம் கணக்கு

"ரெண்டர் ரொம்ப நேரம் ஆகுதுடா, பிராசசர் மாத்திடலாமா?"

கல்யாண வீடியோ எடிட் செய்கிற நண்பன் ஒருவன் இருந்தாலே போதும், இந்தக் கேள்வி உங்கள் காதில் விழுந்திருக்கும். இங்கே ரெட்டியார்பாளையம் பக்கம் படித்துக்கொண்டே எடிட்டிங் செய்து செலவுக்குச் சம்பாதிக்கிற பையன்கள் உண்டு. முகூர்த்த சீசன் முடிந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் வரும் ஆசை இதுதான். ஈசிஆர் பஸ் பிடித்து ரிச்சி ஸ்ட்ரீட் போய்விட்டால், திரும்பும்போது பை கனமாகவும் பர்ஸ் லேசாகவும் இருக்கும் :-)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களில் பலருக்கு பிராசசர் மாற்றத் தேவையில்லை. புது பிராசசர் வேகம் இல்லை என்று சொல்லவில்லை. வேகம்தான். ஆனால் கம்ப்யூட்டர் ஓடுகிற நேரம் வேறு, மனுஷன் காத்திருக்கிற நேரம் வேறு. காசு இருப்பது இரண்டாவதற்கு மட்டும்தான்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். (எல்லாம் உதாரணத்துக்கு நானே வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.) பிராசசர், மதர்போர்டு, ரேம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். பழையதை விற்றால் 9,000 வரும். நிகரச் செலவு 36,000. மூன்று வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 12,000.

வருஷத்துக்கு 40 வேலை. ஒரு வேலையை எக்ஸ்போர்ட் செய்ய இப்போது 3 மணி நேரம், புது பிராசசரில் ஒன்றரை மணி நேரம். ஆக மிச்சம் 60 மணி நேரம். 12,000-ஐ 60-ஆல் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும்.

இங்கேதான் நிற்க வேண்டும். அந்த 60 மணி நேரத்தில் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தது எவ்வளவு? எடிட்டர்கள் பெரும்பாலும் ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு முடிந்தாலும் மூன்றரைக்கு முடிந்தாலும் காலையில் எழுந்துதான் பார்க்கப் போகிறோம். மூன்றில் இரண்டு பங்கு ராத்திரி ரெண்டர் என்றால், உண்மையில் மிச்சமாவது 20 மணி நேரம். இப்போது ஒரு மணி நேரத்தின் விலை 600 ரூபாய். ஒரு மணி நேர எடிட்டிங்குக்கு உங்களுக்கு 600 ரூபாய் கிடைக்கிறதா? கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு 'கீ ஃபாக்டர்' ஞாபகம் இருக்கும். எந்த ஒன்று பற்றாக்குறையாக இருந்து மொத்த உற்பத்தியையும் இழுத்துப் பிடிக்கிறதோ, அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் 'தி கோல்' என்று ஒரு நாவலே இதை வைத்து எழுதினார். தொழிற்சாலையில் எந்த மெஷின் தடையாக இருக்கிறதோ, அங்கே மிச்சமாகும் நேரம்தான் லாபம். மற்ற மெஷின்களில் மிச்சமாவது வெறும் மாயை. வீடியோ எடிட்டிங்கில் பல சமயம் தடை எக்ஸ்போர்ட் அல்ல. ஆயிரக்கணக்கான ஷாட்களில் நல்லதைப் பொறுக்குவது, டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவது, "மாமா கட்டிப்பிடிச்ச சீன் எங்கே?" என்று கேட்டு பொண்ணு வீட்டார் மூன்று தடவை திருத்தம் சொல்வது, இவைதான். கடைசி விஷயத்துக்கு எந்தக் கம்பெனியும் இன்னும் பிராசசர் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று. பாதி நேரம் என்று நான் மேலே போட்டதே தாராளமான கணக்கு. ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967-ல் முன்வைத்த வாதம் ஒன்று உண்டு, அம்டால் விதி என்பார்கள். ஒரு வேலையில் எந்தப் பகுதியை வேகப்படுத்துகிறோமோ அந்தப் பகுதிக்கு மட்டும்தான் பலன். 60 நிமிட எக்ஸ்போர்ட்டில் பிராசசரின் பங்கு 40 நிமிடம், மீதி 20 நிமிடம் கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலை என்று வையுங்கள். இரண்டு மடங்கு வேகமான பிராசசர் போட்டால் 40 நிமிடம் 20 ஆகும், மற்ற 20 அப்படியே இருக்கும். மொத்தம் 40 நிமிடம். காசு கொடுத்தது இரண்டு மடங்குக்கு, கிடைத்தது ஒன்றரை மடங்கு.

அப்படியானால் உங்கள் கம்ப்யூட்டரில் பிராசசரின் பங்கு எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்ளக் காசு வேண்டாம். எக்ஸ்போர்ட் ஓடும்போது விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள்.

சிபியு கடைசி வரை 100 சதவீதத்தை ஒட்டியே நின்றால், உங்கள் சந்தேகம் நியாயமானது. பிராசசர்தான் தடை.

சிபியு 40 சதவீதத்தில் இருந்து கிராபிக்ஸ் கார்டு முட்டிக்கொண்டு நின்றால், பிராசசர் மாற்றிப் பயன் அதிகம் இருக்காது. இரண்டுமே சும்மா இருந்தால், ஏதோ ஒரு எஃபெக்ட் ஒரே ஒரு கோரில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கு அதிக கோர் வாங்கி லாபமில்லை, ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் வேகமாக ஓடி, பத்து நிமிடத்தில் கிளாக் வேகம் இறங்கினால் அது சூடு. நம்ம ஊர் மே மாசத்தில், ஏசி இல்லாத அறையில், தூசி அடைத்த ஃபேனோடு ஓடும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. புது பிராசசரைக் கொண்டுபோய் அதே சூட்டில் வைத்தால் அதுவும் அதையேதான் செய்யும்.

அடுத்து, பல பேர் கவனிக்காத ஒன்று. வீடியோவை என்கோட் செய்வதற்கென்றே தனிச் சர்க்யூட் சிப்புக்குள் இருக்கிறது. இன்டெல் 2011-ல் 'குவிக் சிங்க்' என்ற பெயரில் கொண்டு வந்தது. என்விடியா 2012-ல் தன் கார்டுகளில் 'என்வெங்க்' கொடுத்தது. அடோபி பிரீமியர் புரோ 2020-ல் என்விடியா, ஏஎம்டி கார்டுகள் வழியாகவும் எக்ஸ்போர்ட் செய்யும் வசதியைச் சேர்த்தது. எக்ஸ்போர்ட் செட்டிங்கில் 'ஹார்டுவேர் என்கோடிங்' என்று ஒரு தேர்வு இருக்கும். அது 'சாஃப்ட்வேர்' என்று கிடந்தால் மாற்றிப் பாருங்கள். பைசா செலவில்லாமல் நேரம் நன்றாகவே குறையும். அதே ஃபைல் அளவில் சாஃப்ட்வேர் முறையில் தரம் சற்று நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். பிட்ரேட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டால், பென் டிரைவில் போட்டு டிவியில் பார்க்கிற கல்யாண வீட்டாருக்கு வித்தியாசம் தெரியாது.

இதிலேயே ஒரு எச்சரிக்கை. இன்டெல்லில் பெயருக்குக் கடைசியில் 'எஃப்' என்று முடியும் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அதனால் குவிக் சிங்க்கும் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்பதால் கேம் ஆடுகிறவர்கள் வாங்குவார்கள். வீடியோ எடிட்டர் அந்தச் சில நூறு, ஆயிரத்தை மிச்சம் பிடித்தால், தனக்கு அதிகம் உதவக்கூடிய பாகத்தையே விட்டுவிடுகிறார்.

டைம்லைன் திக்குகிறதா? அதற்கு பிராக்சி இருக்கிறது. பெரிய 4கே ஃபைல்களுக்குச் சின்ன நகல் உருவாக்கி அதில் எடிட் செய்து, எக்ஸ்போர்ட்டில் மட்டும் ஒரிஜினலை எடுத்துக்கொள்வது. பிராக்சி உருவாக நேரம் ஆகும். ஆனால் அதுவும் ராத்திரி ஓடட்டுமே!

சரி, எப்போது மாற்றலாம்? மூன்று சந்தர்ப்பங்களில் நானே மாற்றச் சொல்வேன்.

ஒன்று, பழைய போர்டிலேயே புது பிராசசர் உட்காரும் என்றால். ஏஎம்டியில் 2017-ல் வந்த ரைசன் 1000 வரிசைக்கும் 2020-ல் வந்த 5000 வரிசைக்கும் ஒரே ஏஎம்4 சாக்கெட்தான். போர்டு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்து பயாஸ் அப்டேட் செய்தால் போதும், செலவு பிராசசரோடு முடிகிறது. இன்டெல்லில் அப்படி நம்பிப் போக முடியாது. 2017-ல் வந்த எட்டாம் தலைமுறை, பார்க்க அதே 1151 சாக்கெட்டாக இருந்தும் பழைய போர்டுகளில் வேலை செய்யவில்லை. போர்டு மாறினால் ரேமும் மாறலாம். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதைப் பார்த்தவர்களுக்கு இதன் வலி புரியும்.

இரண்டு, சீசனில் வேலையைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் பெரும்பாலும் இல்லை, அப்போது எந்த பிராசசரும் சும்மாதான் இருக்கும். ஆனால் தையிலும் வைகாசியிலும் ரெண்டர் வரிசையில் நிற்பதால் வருஷத்துக்கு ஒரு 15,000 ரூபாய் ஆர்டர் கைவிட்டுப் போகிறது என்றால், வருஷச் செலவான 12,000-ஐ அது ஒன்றே ஈடுகட்டிவிடும்.

மூன்று, மேலே சொன்ன இலவச வழிகள் எல்லாம் செய்த பிறகும் சிபியு 100-லேயே நின்றால்.

"எப்படியும் நாளைக்கு வேண்டியிருக்கும், இப்பவே வாங்கிடலாமே" என்பவர்களுக்கு: 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் கீழ் கணினிக்கு வைத்திருந்த தேய்மான விகிதம் 40 சதவீதம். 36,000 ரூபாய்ப் பொருளின் மதிப்பு அந்தக் கணக்கில் மூன்றே வருஷத்தில் 7,776. நாளைய தேவைக்கு இன்று வாங்கிவைக்கிற சொத்து இல்லை இது. இன்னொன்று, வேகம் கூடினால் வேலையும் கூடும். முழு எச்டி ஃப்ரேமில் 20,73,600 பிக்சல், 4கேயில் 82,94,400, சரியாக நாலு மடங்கு. புது பிராசசர் வந்த மறுநாளே எல்லாவற்றையும் 4கேயில் போட ஆரம்பித்தால் ரெண்டர் நேரம் மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

நான் சொல்வது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். கடையில் காட்டுகிற பெஞ்ச்மார்க் கிராஃப் பொய் இல்லை. ஆனால் அது பிராசசரை அளக்கிறது, உங்கள் தொழிலை அளக்கவில்லை. 36,000 ரூபாய் என்பது நம்ம வயசுப் பையனுக்கு ஒரு நல்ல லென்ஸ், அல்லது ஃபுட்டேஜை பத்திரமாக வைக்க இரண்டு மூன்று ஹார்டு டிஸ்க், அல்லது ஒரு செமஸ்டர் வீட்டில் கை நீட்டாமல் இருப்பது. ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு குடும்பத்தின் கல்யாணத்தையே வைத்துக்கொண்டு, ரெண்டரில் அரை மணி மிச்சம் பிடிக்க 36,000 போடுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அந்தத் தாலி கட்டுகிற காட்சியை எந்த பிராசசராலும் திரும்ப ரெண்டர் செய்ய முடியாது. முதலில் பேக்கப், அப்புறம் டாஸ்க் மேனேஜர், அதற்கு அப்புறம்தான் ரிச்சி ஸ்ட்ரீட்.